சைக்கிள் பாதையில் ஒரு கார்

ஜூன் 5, திங்கள்

காலை பத்து மணிக்கு மாநகராட்சி ஆட்கள் வந்து தூண்களைப் பிடுங்கினார்கள். எங்கள் வாசலிலிருந்து பேக்கரி முனை வரை நாற்பத்தாறு பிளாஸ்டிக் தூண்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன்.

போன வருடம் சாலை ஓரம் ஆறடிக்குப் பச்சைச் சாயம் அடித்து, சைக்கிள் படம் வரைந்து, இந்தத் தூண்களை நட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து சொந்த வீட்டு வாசலில் சொந்தக் காரை நிறுத்த முடியவில்லை. காம்பவுண்டுக்குள் இடம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் பின்பக்கமாக ஓட்டி உள்ளே விட நான் என்ன டிரைவரா? சோலையப்பன் நகர் நலச் சங்கத்தின் செயலாளராக ஏழு மனு எழுதினேன். இருநூற்றுப் பதினோரு வீட்டில் கையெழுத்து வாங்கினேன். எட்டாம் எண் வீட்டு லீலாவதி மட்டும் போடவில்லை. "ஸ்கூல் பசங்க போற வழி சார்" என்றாள். ஸ்கூல் பசங்களுக்கு ஸ்கூல் பஸ் இருக்கிறது.

சாயங்காலம் காரை வாசலில், பச்சைச் சாயத்தின் மேலேயே நிறுத்தினேன். மங்கை பார்த்துவிட்டு உள்ளே போனாள். முப்பத்தாறு வருடமாக அவளுக்கு என் வெற்றி எதுவும் வெற்றியாகத் தெரிந்ததில்லை.

ஜூன் 9, வெள்ளி

காலையில் ஒரு தகராறு. பூங்காவில் நடந்துவிட்டுத் திரும்பி, காரை நிறுத்தி இறங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெரு அடுக்ககத்தின் இரவுக் காவலாளி, ஏகாம்பரம் என்று பெயர், சைக்கிளில் வந்து பக்கத்தில் நிறுத்தினான். காக்கிச் சட்டை, ஹேண்டிலில் ஒரு சாப்பாட்டுப் பை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. வண்டிய கொஞ்சம் உள்ள வுட்டீங்கன்னா நாங்க ஓரமா பூடுவோம். இப்ப நடு ரோட்டுக்குப் போக வேண்டியதா இருக்குது. பின்னாடி தண்ணி லாரி வர்றான்."

"ரோடு உங்க அப்பன் வீட்டுதா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். யார் வீட்டுதும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எதிர்வீட்டுக்காரர் பேப்பர் எடுக்க வந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நாள் முழுவதும் அந்தப் பதில் காதிலேயே இருந்தது. மத்தியானம் அடுக்ககத்தின் செயலாளருக்கு போன் போட்டு, உங்கள் காவலாளி குடியிருப்போரிடம் திமிராகப் பேசுகிறான் என்று புகார் சொன்னேன். கண்டிப்பதாகச் சொன்னார்.

தண்ணீர் மோட்டாரில் மறுபடியும் சத்தம். ஆள் வரச் சொல்ல வேண்டும்.

ஜூன் 10, சனி

காலை 6.40. ஏகாம்பரம் என் காரைத் தாண்டும்போது மூன்று தடவை மணி அடித்தான். சாலையில் வேறு யாருமே இல்லை.

ஜூன் 12, திங்கள்

நேற்றும் மூன்று தடவை. இன்றும் மூன்று தடவை. திட்டு வாங்கியும் புத்தி வரவில்லை. என் முகத்துக்கு நேராகக் குத்திக்காட்டுகிறான். முப்பத்து மூன்று வருடம் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவன் நான். நானூறு பேர் என் கையெழுத்துக்குக் காத்து நின்றார்கள். ஒரு வாட்ச்மேன் மணி அடித்துக் காட்டுகிறான்.

இவனை ஒருநாள் பயமுறுத்தி வைக்க வேண்டும்.

மோட்டார் ஆள் வரவில்லை.

ஜூன் 13, செவ்வாய்

வாசலில் விபத்து. தண்ணீர் லாரி. அந்தக் காவலாளி இறந்துவிட்டான்.

ஜூன் 14, புதன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் தேவைப்படும்.

காலை 6.40க்குப் பூங்காவிலிருந்து வந்து வாசலில் காரை நிறுத்தினேன். மங்கை பக்கத்தில் இருந்தாள். கதவு மூடியிருந்தது. பின்னாலிருந்து சைக்கிளும் தண்ணீர் லாரியும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. சைக்கிள் காரைச் சுற்றிப் போவதற்கு வலதுபக்கம் ஒதுங்கியது, ஆட்டம் கண்டது, லாரிப் பக்கம் சாய்ந்தது. லாரியின் பின்சக்கரம் இடுப்புக்குக் கீழே ஏறிவிட்டது. லாரிக்காரன் வேகமாக வந்தான். இறங்கித் தப்பி ஓடப் பார்த்தான். ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். அவனை அடித்த அடியில் கை உடைந்துவிட்டதாம். அடித்தவர்களில் பாதிப் பேர் எங்கள் சங்க உறுப்பினர்கள்.

உதவி ஆய்வாளர் வீட்டுக்கு வந்து வாக்குமூலம் வாங்கினார். மரியாதையாகப் பேசினார். "இந்தத் தண்ணி லாரிக்காரனுங்க அட்டூழியம் தாங்கல சார். நீங்க பார்த்ததைச் சொல்லுங்க, போதும்" என்றார். மேலே எழுதியதைச் சொன்னேன். மங்கையையும் கேட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

லாரி ஓட்டியவன் பெயர் வேடியப்பன். ஊத்தங்கரைப் பக்கம். வயது இருபத்தொன்பது. ஏகாம்பரத்துக்கு ஐம்பத்தேழு. இது இன்றைய பேப்பரில் ஐந்து வரியாக வந்திருக்கிறது. என் பெயர் இல்லை. நல்லது.

ஜூன் 16, வெள்ளி

மங்கை பேசவில்லை. சாப்பாடு மேஜையில் இருக்கிறது, சூடாக இருக்கிறது, ஆள் இல்லை. பூங்காவுக்கும் வருவதில்லை.

காரைத் துடைக்கும்போது பார்த்தேன். வலதுபக்கக் கதவின் விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு அரக்குப் பெயின்ட் போயிருக்கிறது. பழைய கீறலாக இருக்கலாம். பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பெயின்ட் அடித்துக்கொண்டு வந்தேன். பட்டறைக்காரன், "எதுல சார் இடிச்சுது?" என்றான். கேட் என்றேன்.

திரும்பி வந்தபோது மங்கை வாசலில் நின்று கதவையே பார்த்தாள். "நல்லா மேட்ச் ஆயிருக்கு" என்றாள். மூன்று நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

ஜூன் 18, ஞாயிறு

சங்கக் கூட்டம். நூறு பேருக்கு மேல். காலை ஆறிலிருந்து பத்து வரை தண்ணீர் லாரிகளைத் தடை செய்ய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். கைதட்டினார்கள். லீலாவதி எழுந்தாள்.

"லாரி பத்து வருஷமா வருது சார். தூண் இருந்த பதினாலு மாசத்துல ஒருத்தர் கூட விழல. எடுத்த எட்டாவது நாள் ஒரு ஆள் செத்திருக்கார். தீர்மானத்துல அதையும் எழுதுங்க."

"செத்தவங்களை வெச்சு அரசியல் பண்ணாதீங்கம்மா" என்றேன். இதற்கும் கைதட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

ஜூன் 24, சனி

மின்கம்பத்தில் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்று ஆளுயரத்துக்கு ஏகாம்பரம். கல்யாணத்தில் எடுத்த படம் போலிருக்கிறது, நெற்றியில் சந்தனம், சிரிக்கிறான். நேராக எங்கள் வரவேற்பறை ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

ஏணியில் நின்று கயிறு கட்டியது ஒரு பெண். கீழே ஏணியைப் பிடித்திருந்தவரும் ஒரு பெண்தான். நான் போய்க் கேட்டேன்.

"யாரும்மா நீ? பர்மிஷன் வாங்கினியா?"

இறங்கி வந்தாள். இருபத்தைந்து இருபத்தாறு வயது. கழுத்தில் ஒரு மருந்துக் கடை அடையாள அட்டை. "எங்கப்பா சார். பதினாறாம் நாள் வருது. அதுக்குள்ள கட்டணும்னு."

"இங்கதான் கட்டணுமா?"

"இங்கதான சார் செத்தாரு. வேற எங்க கட்றது?"

உள்ளே வந்தேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். கூடம் இருட்டாகிவிட்டது.

ஜூன் 27, செவ்வாய்

மாநகராட்சிக்குப் புகார் செய்தேன். அனுமதியில்லாத பேனர். மத்தியானம் வந்து கிழித்து எடுத்துப் போனார்கள்.

ஜூன் 28, புதன்

மறுபடியும் கட்டியிருக்கிறாள். இந்த முறை எட்டாம் எண் வீட்டு மதில் சுவரில், உள்பக்கமாகக் கம்பு நட்டு. லீலாவதி இடம் கொடுத்திருக்கிறாள். சொந்தச் சுவர். ஒன்றும் செய்ய முடியாது.

ஜூலை 4, செவ்வாய்

அந்தப் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். பெயர் யுவராணி. நான் வாசலிலேயே நிறுத்தி அனுப்பப் பார்த்தேன். மங்கை பின்னாலிருந்து, "உள்ள வாம்மா" என்று கூப்பிட்டாள். காபி கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

"பேனரை எடுக்கச் சொன்னது நீங்கதான்னு சொன்னாங்க. அதுக்காக வரல சார்" என்றாள். "நீங்கதான் கிட்டக்க இருந்து பார்த்தவரு. அதான் கேக்க வந்தேன்."

"போலீஸ்ல சொல்லிட்டேன்."

"படிச்சேன் சார். ஸ்டேஷன்ல இருந்து நேத்து சைக்கிள எடுத்துகினு வந்தோம். ஒண்ணு புரியல. லாரி வலப்பக்கம் போவுது. ஆனா அடி இடப்பக்க ஹேண்டில்ல இருக்குது. பிரேக் பிடி மடிஞ்சு போய் அதுல அரக்கு கலர் பெயின்ட் ஒட்டிகினு இருக்குது. லாரி நீலக் கலரு."

மங்கை டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"சைக்கிள் கீழே விழுந்தா எங்கெங்கயோ படும்மா" என்றேன்.

"அப்பா கவனமா ஓட்றவரு சார். இடது கண்ணு சரியா தெரியாது அவருக்கு. அதனால நிக்கிற கார் எதைத் தாண்டினாலும் மூணு தபா பெல் அடிப்பாரு. உள்ள ஆள் இருந்து கதவத் தொறந்துடப் போறாங்கன்னு பயம். நான்கூட கிண்டல் பண்ணுவேன், ஆளே இல்லாத காருக்கு எதுக்குப்பா அடிக்கிறேன்னு."

அவள் போன பிறகு வெகுநேரம் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். திரையை விலக்கவில்லை.

கதவு ஒரு சாண் திறந்திருக்கலாம். இறங்குவதற்குத் திறப்போம் இல்லையா. அந்த அளவு.

ஜூலை 5, புதன்

காரைக் காம்பவுண்டுக்குள் விட்டு உறை போட்டுவிட்டேன். பின்பக்கமாக ஓட்டி விட மொத்தம் இரண்டு நிமிஷம் ஆனது.

மங்கை படுக்கையை மாடி அறைக்கு மாற்றிக்கொண்டாள். மோட்டார் ஆள் ஒருவழியாக வந்தான். பேரிங் போய்விட்டதாம். 'ரொம்ப நாளா சத்தம் வந்திருக்குமே சார், அப்பவே பார்த்திருக்கலாமே' என்றான். எல்லோரும் எனக்குப் புத்தி சொல்கிறார்கள்.

ஜூன் 12 பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழித்தால் மறுபக்கத்தில் 13ஆம் தேதியும் போய்விடும். விட்டுவிட்டேன்.

ஜூலை 12, புதன்

வேடியப்பன் வந்தான். ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். இடது கையில் மாவுக்கட்டு, மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றான்.

"சாரு, நான் சண்டைக்கு வரலீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேட்டைத் தொடாதே. போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்புடுங்க. அவங்ககிட்டயும் சொல்லித்தான் பாத்தேன். கார் கதவு தொறந்துச்சுன்னு மூணு தடவை சொன்னேன். 'சாரு பெரிய மனுசன், உன் தப்ப அவரு தலையில கட்டுறியா'ன்னு அறைஞ்சாங்க. நானு இருவது கிலோமீட்டர்லதான் வந்தேன். பள்ளத்துக்குப் பயந்து உருட்டிக்கிட்டுதான் வந்தேன். கதவு முழுசா தொறந்துச்சுங்க. அந்தப் பெரியவரு கதவுல மோதி என் பின்டயர்ல விழுந்தாரு. நான் பாத்தேன். நீங்களும் பாத்தீங்க. அப்புறம் ஏன் சாரு மாத்திச் சொன்னீங்க?"

"பொய் சொல்றே. நீ ஓடப் பார்த்தவன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். "நான் ஓடலீங்க" என்று மெதுவாகச் சொன்னான். "லைசென்ஸ் போச்சு. வூட்ல மாசமா இருக்குறா. நான் ஓடவே இல்லீங்க." திரும்பிப் போய்விட்டான்.

மாடி ஜன்னலில் மங்கை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

ஜூலை 20, வியாழன்

மறுபடியும். பேக்கரி முனையில், காலை எட்டே காலுக்கு. கட்டட வேலைக்குப் போகிற ஒரு வடநாட்டு இளைஞன். பேக்கரி முன்னால் வரிசையாக நாலு கார். அவற்றைச் சுற்றிப் போவதற்குச் சாலை நடுவுக்கு வந்திருக்கிறான். பின்னால் வந்த வேன் அடித்துவிட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது. பெயர் என்ன என்று மாலை வரை யாருக்கும் தெரியவில்லை.

நான் போகவில்லை. சங்கத்திலிருந்து போன்மேல் போன். தீர்மானம் எழுத வேண்டுமாம், இந்த முறை வேன்களுக்கு எதிராக. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மங்கை போய் வந்தாள். அவள் புடவைக் கொசுவத்தில் ரத்தம். குளிக்காமல் அப்படியே என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

ஜூலை 21, வெள்ளி

நேற்று அவள் பேசியதை இன்றுதான் எழுத முடிகிறது.

"நாளன்னிக்கு நான் ஸ்டேஷன் போறேன். நீங்க வந்தா வாங்க. வரலன்னாலும் போறேன்."

"என்னன்னு சொல்வே?"

"கதவைத் தொறந்தீங்கன்னு."

"தெரியாம நடந்தது மங்கை. யாருக்கும் நடக்கும். கவனிக்காம தொறந்துட்டேன்."

"கவனிக்காமலா?" என்று கேட்டாள். சத்தமே இல்லாமல் கேட்டாள். "நீங்க கண்ணாடியைப் பாத்தீங்க. அவர் வர்றதைப் பாத்தீங்க. 'வரான் பாரு'ன்னு என்கிட்ட சொன்னீங்க. நான் என்னன்னு திரும்பறதுக்குள்ள கதவு தொறந்தாச்சு."

நான் கையை ஓங்கிவிட்டேன். முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவை. அவள் நகரவில்லை. கையை நானே இறக்கிக்கொண்டேன்.

"நானும் பொய் சொன்னவதான்" என்றாள். "இன்னியோட முப்பத்தேழு நாள். அந்தப் பொண்ணு என் கையால காபி குடிச்சிட்டுப் போனா. நேத்து ஒருத்தன், இன்னிக்கு ஒருத்தன்னு இந்த ரோட்டுல சாவாங்க, நான் திரையை இழுத்து விட்டுட்டு சமைச்சிட்டு இருக்கணுமா?"

இன்று முழுவதும் அவளைத் திட்டித்தான் இந்தப் பக்கத்தை நிரப்ப நினைத்தேன். ஆனால் அவள் சொன்னதையே எழுதியிருக்கிறேன்.

ஜூலை 22, சனி

இரண்டு பேரும் போனோம். ஆட்டோவில்.

உதவி ஆய்வாளர் நாற்காலி போட்டார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "சார், சார்ஜ் ஷீட் ரெடி. லாரிக்காரன்மேல எல்லாம் கரெக்டா இருக்கு. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? வீட்டுக்குப் போங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னபோது எழுந்து போய்விடத்தான் தோன்றியது. உண்மையில் பாதி எழுந்தும்விட்டேன். மங்கை உட்கார்ந்தே இருந்தாள்.

"எழுதிக்குங்க" என்றேன்.

எரிச்சலோடு பேனாவை எடுத்தார். "கதவைத் தொறந்தீங்க. சரி. தொறக்கறதுக்கு முன்ன சைடு கண்ணாடியில பாக்கலியா?"

"பாக்கல" என்றேன்.

"பாத்தார்" என்றாள் மங்கை.

உதவி ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. பாக்காமத் தொறந்தா ஒரு செக்‌ஷன். பாத்துத் தொறந்தா செக்‌ஷனே வேற. உங்க வீட்டுக்காரரு அவரு."

அவள் என்னைப் பார்த்தாள். அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள், அவ்வளவுதான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"பார்த்தேன்" என்றேன்.

அங்கே சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். 14ஆம் தேதி எழுதியது பொய். கண்ணாடியில் அவன் வருவதைப் பார்த்தேன். காக்கிச் சட்டையும் சாப்பாட்டுப் பையும் தெளிவாகத் தெரிந்தன. மணி அடித்தான், மூன்று தடவை. லாரி வருவதும் தெரிந்தது, ஆனால் நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து மூடினால் பயந்து பிரேக் போடுவான், தடுமாறுவான், நாளையிலிருந்து மணி அடிக்க மாட்டான் என்று நினைத்தேன். கை வேகமாகப் போய்விட்டது. இல்லை. நான் சொன்னபடிதான் கை போனது.

மோதியதும் கதவை இழுத்துச் சாத்தினேன். பூட்டினேன். கண்ணாடியை ஏற்றினேன். வெளியே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கை மறுபக்கம் இறங்கி வீட்டுக்குள் ஓடி, போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். லாரிக்காரன் ஓடியதை நான் பார்க்கவே இல்லை. யாரோ கத்தினார்கள், 'பிடி, பிடி' என்று. அதை வைத்துச் சொன்னேன்.

மத்தியானம் கைது செய்தார்கள். இந்தப் பக்கத்தை ஜாமீனில் வந்த பிறகுதான் எழுத முடிந்தது.

ஆகஸ்ட் 9, புதன்

ஜாமீனில் வந்து மூன்று நாள் ஆகிறது. மங்கைதான் போய் அழைத்து வந்தாள். அதற்காக மனம் மாறிவிட்டாள் என்று அர்த்தமில்லை. மாடியிலேயே இருக்கிறாள்.

வாசல் மதிலில் தாரால் 'கொலைகாரன்' என்று எழுதியிருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். 'கொ' மட்டும் போயிற்று. பால்காரன் பாக்கெட்டைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிறான்.

சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். தூண்களை அகற்றச் சொன்னது செயலாளரின் தனிப்பட்ட முடிவு என்றும், சங்கத்துக்குச் சம்பந்தம் இல்லை என்றும் எழுதியிருக்கிறது. கடிதத்தில் கையெழுத்துப் போட்ட ஒன்பது பேரும் என் மனுவிலும் போட்டவர்கள். எதிர்வீட்டுக்காரர் மூன்றாவது கையெழுத்து. அவர் கார் இன்றைக்கும் பச்சைச் சாயத்தின் மேல்தான் நிற்கிறது.

போய்க் கேட்டேன். "உங்க கார் மட்டும் அங்க நிக்கலாமா?"

"நீயெல்லாம் பேசாதய்யா" என்று கதவைச் சாத்தினார்.

ஆகஸ்ட் 17, வியாழன்

நீதிமன்றம். என் வழக்கு தள்ளிப்போனது. வேடியப்பன் பெயரை நீக்குவதற்கான மனுவும் இன்றைக்குத்தான் வந்தது. உத்தரவு அடுத்த வாரம் என்றார்கள்.

வெளியே நடைக்கூடத்தில் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மங்கை வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தாள். யுவராணி நேராக என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து நின்றேன்.

"மன்னிச்சிடும்மான்னு கேக்கற யோக்யதை எனக்கு இல்ல" என்று ஆரம்பித்தேன். பத்து நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"அதெல்லாம் வேணாம்" என்றாள். "அத உள்ள ஜட்ஜாண்ட சொல்லிக்கோங்க. எனக்கு ஒண்ணு தெரியணும். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அப்பாவுக்கு நெனவு இருந்துச்சுன்னு சொன்னாங்க. பத்து நிமிஷம். நீங்க மூணு அடி தூரத்துல இருந்தீங்க. அவரு எதனா சொன்னாரா?"

என் வாழ்க்கையில் எத்தனையோ கேள்விகளுக்குச் சாமர்த்தியமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"தெரியாதும்மா. நான் கண்ணாடியை ஏத்திட்டு உள்ளேயே உக்காந்திருந்தேன்."

"பத்து நிமிஷமும்?"

"பத்து நிமிஷமும்."

அவள் முகம் எப்படி ஆயிற்று என்று எழுத எனக்குத் தெரியவில்லை. வேடியப்பன் எதிர் பெஞ்சில் இருந்தான். அவன் எழுந்து வந்தான். என்னைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, நான் இருந்தேன்மா. வண்டிய நிறுத்திட்டு எறங்கி ஓடியாந்து அவரு தலைய மடியில வெச்சுக்கிட்டேன். தண்ணி குடுத்தேன், ரெண்டு வாய் குடிச்சாரு. அப்பறந்தான் என்னை இழுத்துப் போட்டு அடிச்சாங்க."

"எதனா சொன்னாராண்ணா?"

மாவுக்கட்டு பிரித்த கை மெலிந்து வேறு யாருடைய கை மாதிரியோ இருந்தது. அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டான்.

"சொன்னாரு. 'தம்பி, சைக்கிள் நடு ரோட்டுல கெடக்குது, ஓரமா எடுத்து வெய்யி, பின்னாடி வர்றவன் எவனாவது விழுந்துடப் போறான்'னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. நான் எடுத்து வெக்கறேன்னு சொன்னேன். அதுக்குள்ள என்னைய இழுத்துட்டாங்க. வெக்க முடியல தங்கச்சி."

யுவராணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் உட்கார்ந்திருந்த இடம்தான். வேடியப்பன் பக்கத்தில் தரையில் குந்தினான். கொஞ்ச நேரத்தில் மங்கை வந்து அவள் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

எனக்கு அங்கே இடம் இல்லை. படி இறங்கி வந்தேன்.